சாயங்காலம் வரும் செய்தி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்பு சுகம். உடம்பு என்று மட்டும் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். உனக்கு அங்கே உடம்பும் மனசும் இரண்டுமே சுகமாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். குளிர்க் கிடங்குக்குள் போகும்போது காலுறையை இரட்டையாகப் போட்டுக்கொள்கிறாயா? வெறும் கையால் இரும்பைத் தொடாதே. போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தேன், கேட்டதற்கு ‘கேமரா சரியில்லம்மா’ என்றாய். கேமரா சரியில்லை என்றால் உதடு வெடிக்காது ராசா. படுக்கப் போகும்முன் வெண்ணெய் தடவு. உன் அப்பாவுக்குக் காலை முறை பஸ்தான் இப்போதும், முழங்கால் வலி என்று சொல்லாமல் ‘கிளட்ச் கொஞ்சம் இறுக்கம்’ என்று சொல்லிக்கொண்டு போகிறார், வண்டி மாற்றிக் கொடுத்தும் அந்த இறுக்கம் போகவில்லை.

இதையெல்லாம் போனிலேயே பேசலாம். ஆனால் நீ போனில் வந்தால் உன் தங்கை என் தோள் மேல் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவளைத் தோளில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே எப்படிப் பேசுவது. அதனால்தான் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற வெல்டர் விடுமுறை முடிந்து கிளம்புகிறார், அவர் பையில் உன் சட்டைகளோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். உன் கைக்கு வருவதற்குள் சின்னவளுக்குப் பரீட்சை தொடங்கியிருக்கும். படித்து முடித்ததும் எனக்குப் போன் போட்டுப் பதறாதே, நான் பதறுவதே இந்த வீட்டுக்குப் போதும்.

இந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டேப், அந்தச் சிலேட்டு மாதிரிக் கம்ப்யூட்டர், கொடுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. பாடத்தைத் திருப்பிப் படிப்பதற்காக. திறந்தால் கேள்வி வரும், சரியாகச் சொன்னால் ஒரு டிக், தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று நிதானமாக விளக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். ஆனால் தப்பானதை அது மறப்பதில்லை, சில நாள் கழித்து அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். சின்னவளுக்கு முதல் நாளிலிருந்தே அது பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் மடியில்தான். கொடுத்த அன்றைக்குப் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் மொத்தத்தில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை டேப்பில் காட்ட மாட்டோம், பார்த்தால் பயந்துவிடுவார்கள், அதனால் தினமும் சாயங்காலம் பெற்றோர் போனுக்கு மட்டும் செய்தி அனுப்புவோம் என்றார்கள். பச்சை என்றால் கவலையில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் தேர்ச்சி சந்தேகம். பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று அந்தப் பயம் மொத்தத்தையும் மூட்டை கட்டி நம் தலையில் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை, எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டிவிட்டு வந்தேன்.

முதல் செய்தியே சிவப்பு. ‘உங்கள் பிள்ளை இன்றைய வேதியியல் பயிற்சியில் பெரும்பாலான விடைகளைத் தவறாக அளித்துள்ளார்’ என்று. சரி, முதல் நாள்தானே என்று விட்டேன். மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாள் பயிற்சியைத் திறக்கவே இல்லை என்று வந்தது. நானோ என் கண்ணால் பார்த்தேன், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தாள். அப்படியானால் என்னத்தைத் தட்டினாள் என்று எனக்குள் ஒரு புழு புகுந்தது. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சில பிள்ளைகள் வரும், கண்ணாடி போடப் பயந்து சுவரிலிருக்கிற எழுத்து வரிசையை முன்கூட்டியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு கடகடவென்று ஒப்பிக்கும். நாங்கள் அட்டையைத் திருப்பி வைத்ததும் முழிக்கும். சின்னவளும் அப்படி ஏதோ நடிக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டேன். ‘நல்லாதாம்மா போடுறேன், டிக்தாம்மா வருது’ என்றாள். போனைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. நான் அந்த வெளுப்பைத் திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பா ‘படிக்கிற பிள்ளைதானே, விடு’ என்றார். விட்டிருக்கலாம்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் டீ கொதிக்கிற நேரத்தில் என் போன் ஒரு தடவை கிணுங்கும், வீடு அப்படியே அடங்கிப் போகும். நான் பார்ப்பேன், அவள் என் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் நான் ஆரம்பிப்பேன். என்ன சொன்னேன் என்பதையெல்லாம் எழுதவில்லை, உனக்குத் தெரியாததா, உனக்கும் ஒரு காலத்தில் சொன்னதுதான், கூடக் கொஞ்சம் சத்தமாக. முதலில் வாதாடினாள், பிறகு அழுதாள், அப்புறம் ஒன்றுமே சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. ஒருநாள் தலை வாரிவிடும்போது, ‘அம்மா, நான் பாஸ் ஆகலன்னா என்னை எங்கயாவது அனுப்பிடுவீங்களா?’ என்று கேட்டாள். சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. ‘பைத்தியமா உனக்கு, எங்க அனுப்புவேன்’ என்றேன். ‘தெரியல, கேட்டேன்’ என்றாள், வேற்று வீட்டுப் பிள்ளை மாதிரி.

நம் வீட்டுக்கு மேல் மாடியில் மருந்துக் கடைக்காரர் இருக்கிறார் அல்லவா, அவர் மகள் சுருட்டையும் இவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, உனக்குத் தெரியும். அவர் மனைவி போன வருஷம் தவறியதிலிருந்து அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. படி ஏறும்போது கூடச் சத்தம் வராது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாரோ என்று தோன்றும். அவருக்குத் தினமும் பச்சை. ஒருநாள் நம் கதவைத் தட்டி, ‘அக்கா, பாருங்கக்கா, என் பொண்ணுக்கு இன்னைக்கும் பச்சை’ என்று போனை நீட்டினார், முகமெல்லாம் பல். கடைக்கு இருமலுக்கும் தலைவலிக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம், மாத்திரையோடு சேர்த்து மகள் மார்க்கையும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார் மனிதர். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் சின்னவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பார்வை பார்த்தேன். சொல்வதைவிட அது மோசம் என்று இப்போது தோன்றுகிறது.

திருப்புதல் தேர்வு வந்தது. வேதியியல் அன்றைக்குப் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கேள்வியெல்லாம் தெரிந்ததுதானாம், பேனாவை எடுத்தாளாம், ‘தெரிஞ்சதெல்லாம் தப்பா இருக்குமோன்னு தோணுதும்மா, எழுதினா தப்பாயிடும், எழுதலன்னா தப்பு தெரியாதுல்ல’ என்றாள். இதைச் சொல்லும்போது அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பயம் பிடித்தது. ஃபெயில் ஆவதைப் பற்றிய பயம் இல்லை, அது கையில் பிடிக்கக்கூடிய பயம், வைத்துக்கொண்டு வாழலாம். இது வேறு. என் கண் முன்னாலேயே என் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு போகிற மாதிரி இருந்தது. உன் அப்பா வந்ததும் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பயந்தால் அவர் கை எதையாவது பழுது பார்க்கும், உனக்குத் தெரியுமே.

மறுநாள் படிப்பு விடுமுறை, நானும் கடைக்கு லீவு போட்டேன். மத்தியானம் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். ‘திற, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சும்மா பாக்கறேன்’ என்றேன். திறந்தாள். கேள்வி வந்தது. டிக். அடுத்தது டிக். நடுவில் ஒன்று தப்பு, அப்புறம் வரிசையாக டிக். அந்தப் பாடத்தை முழுசாக முடித்தாள், எனக்கு வேதியியல் தெரியாது, ஆனால் டிக் தெரியும் அல்லவா. நான் ஒன்றும் புரியாமல் டீ போட எழுந்தேன். போன் கிணுங்கியது. சிவப்பு. ‘உங்கள் பிள்ளை இன்று பயிற்சியைத் திறக்கவில்லை.’ நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். திறந்ததை நான் பார்த்தேனே. அப்படியென்றால் இத்தனை நாளும் நான் கத்தியது யாருடைய மார்க்குக்கு?

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் பார்க்கிற ஆசிரியர் சின்ன வயசுப் பிள்ளை, உன்னைவிடச் சின்னவராக இருப்பார், என் போனைப் பார்த்தார், தன் திரையைப் பார்த்தார், மறுபடியும் என் போனைப் பார்த்தார். ‘அம்மா, உங்க பொண்ணு ஆரம்பத்துல இருந்தே பச்சைங்க’ என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஒரே கட்டடம், ஒரே கதவு எண், மாடி மட்டும் வேறு, போன் எண்ணை ஏற்றியவர்கள் கீழ்வீட்டு எண்ணை மேல்வீட்டுக்கும் மேல்வீட்டு எண்ணைக் கீழ்வீட்டுக்கும் போட்டுவிட்டார்களாம். செய்தியில் பிள்ளையின் பெயர் கிடையாது, ‘உங்கள் பிள்ளை’ என்றுதான் வரும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. நான் இடையில் ‘என் பிள்ளை தேறுவாளா’ என்று அனுப்பிய கேள்விக்கு வகுப்பாசிரியை பதில் போடாததும் அதனால்தான், பச்சையில் இருக்கிற பிள்ளையின் அம்மா எதற்குப் புலம்புகிறாள் என்று நினைத்தார்களாம். ஆசிரியர் இரண்டு தட்டுத் தட்டினார், ‘சரி பண்ணிட்டேன்மா, இன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து கரெக்டா வரும்’ என்றார், ஒழுகுகிற குழாயை இறுக்கிவிட்ட மாதிரி. மன்னிப்பும் கேட்டார், நல்ல பிள்ளை. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன், கால் தரையில் படவில்லை. கேட்டைத் தாண்டிய பிறகுதான் அடுத்தது உறைத்தது. சாயங்காலம் மருந்துக் கடைக்காரர் போனில் என்ன வரும்?

வீட்டுக்கு வந்து சின்னவளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், எத்தனை நாளைய அழுகையோ. நானும்தான். திடீரென்று நிமிர்ந்து, ‘அப்ப எனக்கு வந்தது சுருட்டையோடதா? அவங்க அப்பா தினமும் அவளுக்குக் காட்டுவாரே, அவளுக்குத் தெரியும்ல?’ என்றாள். நான் அதை யோசிக்கவே இல்லை. தடுப்பதற்குள் மேலே ஓடிவிட்டாள். கூரை வழியாக எனக்குச் சத்தம் கேட்டது. ‘நான் உங்கிட்டதான வந்து அழுதேன், தெரிஞ்சே சும்மா இருந்தியா? எங்கம்மா திட்டுனது உனக்குக் கேட்டிருக்கும்ல?’ அந்தக் கடைசிக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். சுருட்டையின் குரலே கேட்கவில்லை. சின்னவள் இறங்கி வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு ஒரு தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு மேலே போனேன், அந்தப் பெண்ணும் தாயில்லாத பிள்ளை, பேசிப் பார்க்கலாம் என்று. கதவு திறந்து கிடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு வாசலில் இருந்தது, பிள்ளை இல்லை. கூப்பிட்டேன். அடுப்படியில் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன். செருப்பில்லாமல் எங்கே போவாள்? படிக்கட்டில் வந்து நின்று மேலே பார்த்தேன், மொட்டை மாடிக் கதவு கொஞ்சம் திறந்து வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு என்னென்ன தோன்றியது என்று எழுத எனக்கு விருப்பமில்லை, நீயும் கேட்காதே. தட்டைப் படியில் வைத்தேனா போட்டேனா தெரியாது. அந்தப் படிகளை நான் ஏறவே இல்லை போலவும் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிற மாதிரியும் இருக்கிறது. சத்தம் போட்டுக் கூப்பிட்டால் திடுக்கிட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு போனேன். மாடி வெறிச்சென்று கிடந்தது. விளிம்புச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை ராசா. நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

தொட்டி நிழலில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப். வேதியியல். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்க விரல் தட்டிக்கொண்டே இருந்தது, தப்பு, தப்பு, ஒரு டிக், தப்பு. என்னைப் பார்த்ததும் எழவில்லை. ‘அத்தை, சாயங்காலத்துக்குள்ள மஞ்சளுக்காவது கொண்டு வந்துடலாம்னு பாக்கறேன் அத்தை, கீழ சிக்னல் வரல’ என்றாள். நான் அவள் பக்கத்தில் அந்தச் சூட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளைக் கட்டிக்கொண்டேன். திட்ட வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ. ‘வேற ஒண்ணும் நினைக்கலியே நீ?’ என்று மட்டும் கேட்டேன். ‘கொஞ்சம் நினைச்சேன். அப்புறம் ஒரு கேள்வி சரியா வந்துச்சு’ என்றாள். அந்தப் பதிலை நான் இன்னும் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே அவர் என்னவோ புரிந்துகொண்டார், சாயங்காலமே போய் ஒரு பூட்டு வாங்கி வந்து மொட்டை மாடிக் கதவில் போட்டுவிட்டார். சாவி அவர் யூனிஃபார்ம் பையில் இருக்கிறது, யார் துணி காயப்போட வேண்டுமென்றாலும் பஸ் ஓட்டுகிறவர் வரும் வரை காத்திருக்க வேண்டும், மூன்றாவது மாடிக்காரர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

செய்தி வருவதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று அவளைக் கையோடு பிடித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் அவள் கை ஈரமாக இருந்தது, என் கையும்தான். கடையில் ஒரு பெரியவர் இருமிக்கொண்டு நின்றார். கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் சொல்ல வந்ததை எங்கே தொடங்குவது என்று தேடினேன். அதற்குள் அவர் போன் கிணுங்கிவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார். ‘என்னக்கா இது, தப்பா வந்திருக்கு’ என்றார். நான், ‘இன்னைக்குத்தாம்பா சரியா வந்திருக்கு’ என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். ‘உனக்கு எப்பத் தெரியும்?’ என்றார். ‘முதல்லயே தெரியும்பா.’ ‘ஏன் சொல்லல?’ சுருட்டை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ‘நீங்க சிரிச்சீங்கப்பா. அம்மா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சீங்க.’

திரும்பி மருந்து அலமாரிகளுக்குப் பின்னால் போனவர் வெளியே வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே என்ன செய்கிறாரோ என்று எனக்கு ஒரு பயம், இந்தப் பெண் இப்போது ஓடிவிடுவாளோ என்று இன்னொரு பயம், அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். இருமல் பெரியவர் என்னிடம் குனிந்து, ‘ஏம்மா, இருமலுக்கு மருந்து குடுப்பாரா, இல்ல நான் நாளைக்கு இருமட்டுமா?’ என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒருவழியாகக் கடைக்காரர் வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். பெரியவருக்கு மருந்தை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்க மறந்துவிட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மகளை உட்காரச் சொன்னார். ‘இனிமே நான் சிரிக்கறதுக்காக நீ எதையும் மறைக்க வேணாம். நான் சிரிக்கலன்னாலும் உங்கப்பாதான்’ என்றார். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு நான் வெளியே வந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்வாய். ஆகவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எண்ணை மாற்றுவதற்கு இரண்டு தட்டுப் போதும், பிள்ளைக்குள் போனதை எப்படித் தட்டி மாற்றுவது? இப்போது எனக்குப் பச்சை வருகிறது, சின்னவளிடம் காட்டினேன், ‘இதுவும் மாறி வந்திருக்கும்மா’ என்கிறாள். டேப்பில் தட்டச் சொன்னால் எல்லாம் சரியாகத் தட்டுகிறாள், ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தால் கை நின்றுவிடுகிறது. டேப் தப்பென்றால் அங்கேயே சொல்லிவிடும், தாள் ஒன்றும் சொல்லாமல் படுத்திருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்கிறாள். பரீட்சை தாளில்தானே. வகுப்பாசிரியையிடம் சொன்னேன், அந்த அம்மா இப்போது தினமும் அவளுக்கு ஒரு பக்கம் எழுத வைத்து, மார்க்கே போடாமல், படித்தேன் என்று மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். நேற்று முக்கால் பக்கம் எழுதினாள். நடுவில் ஒரு இடத்தில் பேனா தாளைக் குத்திக் கிழித்திருந்தது.

சின்னவளுக்கும் சுருட்டைக்கும் பேச்சு கிடையாது. ஆனால் நேற்று முன்தினம் சின்னவள் தானாகவே மேலே போனாள். நான் பின்னாலேயே போய்ப் படியில் நின்று திறந்த கதவு வழியாகக் கேட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒட்டுக்கேட்டேன். சண்டை போடவில்லை. சுருட்டை டேப்பைப் பார்த்து வேதியியல் கேள்வியைக் கேட்கிறாள், இவள் பதிலைச் சொல்லிக்கொண்டே தாளில் எழுதுகிறாள், பிறகு அதை அவளுக்கு விளக்குகிறாள். நடுவில் ஒரு வார்த்தை வேறு கிடையாது, ‘அடுத்தது’ என்கிற வார்த்தையைத் தவிர. இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இது சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் உடைந்துவிடும் என்று கேட்காமல் இருக்கிறேன்.

அன்றைக்கே சாயங்காலம் மருந்துக் கடைக்காரர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு, ‘அக்கா, அந்தச் செய்தியை நான் பாத்தா என் முகம் மாறிடும், அவ பாத்துடுவா. பள்ளிக்கூடத்துல சொல்லி அவளோடதையும் உங்க நம்பருக்கே மாத்திட்டேன். பரீட்சை முடியற வரைக்கும் நீங்களே பாத்துக்கங்க’ என்றார். நான் என்ன சொல்ல முடியும், சரி என்றேன். சரி என்ற பிறகுதான் யோசித்தேன், என் முகம் மட்டும் மாறாதா என்று. இப்போது கடையில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிற நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகுகிறேன். முதலாளியம்மா, ‘என்ன, புது ஃபிரேம் வேணுமா?’ என்று கேட்கிறார்கள்.

இன்றைக்குச் சாயங்காலம், நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, போன் அடுத்தடுத்து இரண்டு முறை கிணுங்கியது. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. இரண்டிலும் ‘உங்கள் பிள்ளை’ என்றுதான் இருக்கிறது. எது சின்னவளுடையது, எது சுருட்டையினுடையது என்று எனக்குத் தெரியாது. சின்னவள் மறுபடி பயந்து சறுக்கிவிட்டாளா, சுருட்டை ஏறிவிட்டாளா, இல்லை இன்னும் அங்கேயே இருக்கிறாளா? பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போட்டால் அந்த ஆசிரியர் சொல்லிவிடுவார். எண்ணைத் தேடி எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். தெரிந்தால் ஒரு பிள்ளைக்காக மூச்சு விடுவேன், இன்னொரு பிள்ளைக்கு அது என் முகத்தில் தெரிந்துவிடும். அதைவிட இரண்டு பேருக்காகவும் பயந்துகொண்டே இருந்துவிடுகிறேன், எனக்குப் பழகிவிட்டது.

நீ நன்றாக இரு. என் கை உன் தலை மேல் இருப்பதாக நினைத்துக்கொள், இங்கிருந்து அங்கே வரை நீளுகிற கைதான் அது. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதே, சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வயிற்றைக் காயப்போடாதே. கூட வேலை பார்க்கிறவர்களோடு சண்டை வேண்டாம். அப்பா உனக்கு முத்தம் தந்ததாக எழுதச் சொன்னார், தான் சொன்னதாக எழுதாதே என்றும் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே, பரீட்சை நாட்களில் சாயங்காலம் போன் பண்ணு, ஆனால் எப்படி எழுதினாய் என்று வாய் தவறிக்கூடக் கேட்காதே. உன் கிடங்கைப் பற்றிச் சொல், அங்கே பனி எப்படி உறைகிறது என்று சொல், யார் வழுக்கி விழுந்தார்கள் என்று சொல். சுருட்டையும் பக்கத்தில் இருந்தால் அவளிடமும் பேசு, அண்ணன் என்று அவளுக்கும் நீதான்.

இரண்டு பிள்ளைகளின் பரீட்சைக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா